தொழில் ஓர் அமானிதம்



எல்லாப் புகழும் அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. அவனது இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த ஒவ்வோர் ஆண்டும் எமது வீடுகளில் ஒரே கேள்வி எழுகின்றது. இந்தப் பிள்ளையை இனி என்ன செய்வது? மேலே படிக்க விடுவதா, கடையில் நிறுத்துவதா, கட்டாருக்கோ சவூதிக்கோ அனுப்புவதற்குப் பாஸ்போர்ட் எடுப்பதா? அரபுக் கல்லூரியை விட்டு வெளியேறிய நாள் முதல் 17 ஆண்டுகளாக நானும் உழைத்து உண்பவன். பள்ளிவாசலில் இமாமாகவும், மக்தபில் உஸ்தாதாகவும், அதற்கு முன் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதுபவனாகவும் இருந்திருக்கின்றேன். அந்த அனுபவத்தில் கண்டவற்றையும், எமது மண்ணிலே பிறந்த ஒரு பெரியாரின் உத்தியோக வாழ்வில் கற்றவற்றையும் உங்கள் சிந்தனைக்கு முன்வைக்க விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகின்றேன். தொழில் என்பது மார்க்கத்திற்கு வெளியே உள்ள ஒரு விடயம் என்று சிலர் எண்ணுகின்றனர். தொழுகை பள்ளிவாசலுக்கு, வியாபாரம் சந்தைக்கு என்று பிரித்துவிடுகின்றனர். தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தமது கையுழைப்பிலேயே உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துரைத்துள்ளார்கள். தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததை மறைக்காமல் சொன்னார்கள். மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் தமது சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ அந்தத் தோழருக்காகத் துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். ஊரும் வீடும் இழந்து வந்த ஒருவர் அகதியாக வந்த இடத்தில் முதலில் விசாரித்தது சந்தைக்குப் போகும் வழியைத்தான். இந்த வரலாறு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய எமக்கு ஏனையோரை விட நன்கு விளங்கும்.

ஏனெனில் 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகளால் சோனகத் தெரு மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலங்களுக்குள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டபோது, எமது பெற்றோர் விட்டுச் சென்றவை வீடுகள் மட்டுமல்ல. கடைகள், லொறிகள், தையல் இயந்திரங்கள், நகைப் பட்டறைகள், கடன் கொப்பிகள் அனைத்தும் இங்கேயே கிடந்தன. அப்போது எனக்கு வயது மூன்று. எனக்கு நினைவு தெரிந்ததெல்லாம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலும், அதற்குள் என் வாப்பா இரவல் வாங்கிய ஓர் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்ததுமே ஆகும். வாப்பா ஐந்து சந்தியில் பெயர் பெற்ற தையற்காரராக இருந்தவர். அகதி முகாமில் அவரிடம் புதுத் துணி கொண்டுவந்து கொடுக்க யாருமில்லை. கிழிந்ததைத் தைப்பதும், நிவாரணமாக வந்த பெரிய உடுப்புகளைச் சிறுவர்களுக்கு ஏற்றவாறு வெட்டிச் சுருக்குவதும்தான் வேலை. ஆயினும் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கல்யாணக் காற்சட்டைக்கு அளவெடுப்பது போன்றே ஒவ்வொரு சிறுவனுக்கும் அளவெடுப்பார். ஓசியாகக் கொடுத்த துணிதானே, கண்ணால் பார்த்து வெட்டினால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். துணி ஓசி, அதைப் போடுகிறவன் ஓசி இல்லை மகன் என்றார்.

அந்தத் தையற்காரர்களிடம் வேலை பழகிய முறையை இக்கால இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. பழக வரும் பையனுக்கு முதலில் கடை கூட்டுவதும், பொத்தான் தைப்பதும், பொத்தான் துளைக்கு நூல் சுற்றுவதும்தான் கொடுக்கப்படும். மாதக்கணக்கில் அதுதான். பின்பு ஓரம் மடித்தல், பிறகு கை இணைத்தல், அதன் பின் கொலர். துணியை வெட்டுவது எல்லாவற்றிற்கும் கடைசி. தைத்தது பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம், வெட்டியது பிழைத்தால் துணி போயிற்று, அத்துணி வேறொருவருடைய சொத்து என்பதே காரணம். நான் அரபுக் கல்லூரியில் ஏழு ஆண்டுகள் ஓதியபோது எமது உஸ்தாதுமார்களும் இதே முறையைத்தான் கையாண்டனர். முதல் ஆண்டில் சொல்லின் வேர், அடுத்து வாக்கிய இலக்கணம், பின்பு ஃபிக்ஹு. ஃபத்வாக் கேள்விக்குப் பதில் எழுத அனுமதி கிடைத்தது இறுதி ஆண்டில், அதுவும் உஸ்தாத் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே. கல்வியிலும் தொழிலிலும் ஆறு மாதப் பயிற்சி நெறியில் சான்றிதழ் பெற்றுக்கொண்டு உடனே வெட்டத் தொடங்க விரும்பும் அவசரம் இன்று பெருகியுள்ளது. (மார்க்க விடயத்திலும் கைத்தொலைபேசியில் மூன்று உரைகளைக் கேட்டவர் கத்தரிக்கோலைத் தூக்குகின்றார். அதைப் பற்றி வேறொரு நாளில் பேசலாம்.)

இனி அந்தப் பெரியாரிடம் வருவோம்.

வண்ணார்பண்ணையில் 1911 ஒக்டோபர் 4 ஆம் திகதி பிறந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். தந்தையார் சட்டத்தரணி. ஊர் மத்ரஸாவில் குர்ஆன் ஓதி, பின்னர் இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜுக்கு மேற்படிப்புக்குச் சென்றவர், இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் தேறியதால் நாடு திரும்பி 1935 இல் பதவியேற்றார். அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கை முஸ்லிம் அவரே. சோனகத் தெருப் பிள்ளைகள் ஏறிச் செல்லக்கூடிய ஏணியின் உயரம் எவ்வளவு என்பது அன்றே அளந்து காட்டப்பட்டுவிட்டது. இதை அறியாமல் எமது பிள்ளைகள் வளர்வது எனக்கு மிகுந்த கவலையைத் தருகின்றது. எமது மக்தபில் 30 பிள்ளைகளிடம் இப்பெயரைக் கேட்டேன். இரண்டு பேர் கைதூக்கினர். அவர்களிலும் ஒருவர் அதனை ஒரு கிரிக்கெட் வீரரின் பெயர் என்றார்.

ஆயினும் அவர் பரீட்சையில் தேறியதை மட்டும் எடுத்துரைப்பது எனது நோக்கமன்று. பதவிக்கு வந்தபின் அவர் செய்ததே எமக்குப் பாடம்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் குண்டு வீசின. பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த நாட்டிற்குப் பஞ்சம் வாசலில் வந்து நின்ற வேளை அது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். கொழும்பில் இருந்த ஓர் இளம் அதிகாரிக்கு அது விரும்பிக் கேட்டுப் பெறும் இடமாற்றம் அன்று. யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகின்றது. ஏழு ஆண்டு விளைச்சலையும் ஏழு ஆண்டு வறட்சியையும் முன்னறிந்து, எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு அரசனிடம் அவர்கள் கேட்டபோது, தமது குலத்தையோ அழகையோ தகுதியாகச் சொல்லவில்லை. பாதுகாக்கத் தெரியும், அறிவும் உண்டு என்ற இரண்டையே சொன்னார்கள். மூஸா நபி (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு மத்யன் நகரத்துப் பெண் தந்தையிடம் கூறியபோதும் இரண்டே தகுதிகள்தான்: வலிமையும் நம்பிக்கையும். வேலைக்கு ஆள் எடுப்பவர்களும், வேலை தேடுபவர்களும், ஏன், மருமகன் தேடுபவர்களும் இந்த இரண்டையும் மறந்துவிட்டு வேறு எதை எதையோ விசாரிக்கின்றனர்.

கல்முனையில் அஸீஸ் அவர்கள் காடு வெட்டி வயலாக்குவதை மேற்பார்வை செய்ததோடு கச்சேரிக் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. வயல்களுக்குச் சென்றபோது அங்கிருந்த பிள்ளைகளையும் பார்த்தார். கூர்மையான அறிவும் வறுமையும் ஒரே பிள்ளையிடம் இருப்பதைக் கண்டார். காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தருடன் அங்கு ஏற்பட்ட நட்பும் கல்வி பற்றிய அவரது சிந்தனையைக் கூர்மையாக்கியது. முதலில் கல்முனையில் ஒரு கல்விச் சங்கம், அதன் அனுபவத்திலிருந்து 1945 இல் கண்டியில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. பணமில்லாத காரணத்தால் ஒரு முஸ்லிம் பிள்ளையின் படிப்பு நின்றுவிடக்கூடாது என்பதற்காகத் தொடங்கப்பட்ட அந்நிதி, பின்வந்த தலைமுறைகளில் எத்தனையோ வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் ஆசிரியர்களையும் தூக்கி நிறுத்தியது. நெல் விளைவிக்க அனுப்பப்பட்டவர் அதற்குப் பக்கத்திலேயே கிடந்த இன்னொரு தரிசையும் கண்டார்.

அன்பர்களே, இடமாற்றம் கிடைத்தால் அழுகின்ற ஆசிரியர்களையும் உத்தியோகத்தர்களையும் நான் சந்திக்கின்றேன். அவர்களது சிரமத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. சிறு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் விட்டுச் செல்வது இலகுவானதல்ல. எனினும், எமக்கென்று அல்லாஹ் எழுதிய வேலை நாம் விரும்பாத ஊரில் காத்திருக்கவும் கூடும். நான் யாழ்ப்பாணத்திற்கு மீண்டு வந்ததும் அப்படியே. யுத்தம் 2009 இல் முடிந்து, எமது மக்கள் சிறுகச் சிறுகத் திரும்பிய காலத்தில், இங்கே ஒரு பள்ளிவாசலுக்கு இமாம் தேவை என்றார்கள். புத்தளத்தில் எனக்குக் கிடைத்ததில் பாதிச் சம்பளம். கூரையில் ஓடு இல்லை. முதல் மாதம் சுப்ஹுத் தொழுகைக்கு எனக்குப் பின்னால் நின்றவர்கள் நான்கு பேர். உம்மா வேண்டாம் என்றார், வாப்பா மட்டும் போ என்றார். இன்று அதே மக்தபில் ஓதுகின்ற பிள்ளைகளின் சத்தம் பொம்மைவெளி வரை கேட்கின்றது என்று அயலவர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்கின்றார்.

அஸீஸ் அவர்களின் வாழ்வில் இன்னொரு கட்டம் இதைவிடக் கடினமானது. 1948 இல் அவர் சிவில் சேவையை விட்டு விலகிக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு! வெள்ளைக்கார அதிகாரிகள் நாட்டை விட்டுச் சென்றுகொண்டிருந்தனர், மேற்கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. சிவில் சேவையில் இருந்த ஓர் இலங்கையருக்கு அதைவிடப் பொன்னான காலம் இருக்க முடியாது. அந்த வேளையில் ஒருவர் எழுந்து ஒரு பாடசாலைக்குச் சென்றார். டி. பி. ஜாயா அவர்கள் பல்லாண்டுகள் கட்டி வளர்த்த கல்லூரியைப் பொறுப்பேற்று 1961 வரை நடத்தினார். அங்கு முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் பயன்பெறவில்லை. எமது குடாநாட்டின் கரவெட்டியைச் சேர்ந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் ஸாஹிராவில் படித்தவர், பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர். இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளையை வளர்த்து அனுப்பியது, அந்தப் பிள்ளை அதிபரான கல்லூரி வடமராட்சிப் பிள்ளையை வரவேற்றது. இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்தக் கணக்குக் கொப்பியிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

1952 முதல் 1963 வரை அவர் செனற் சபை உறுப்பினராகவும் இருந்தார். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டமூலம் வந்தபோது அதனை எதிர்த்துப் பேசினார். அவ்வாறு பேசுவதால் என்ன இழப்பு வரும் என்பதை அறியாதவர் அல்லர். 1973 நவம்பர் 24 அன்று இறையடி சேர்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980 இல், அவர் மறைந்த பின், கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. அல்லாஹ் அவரது பிழைகளை மன்னித்து, பணிகளை ஏற்றுக்கொள்வானாக.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை எவ்வளவு சம்பாதிக்கின்றான் என்று கேட்பதுபோல், எப்படிச் சம்பாதிக்கின்றான் என்றும் கேளுங்கள். கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் காட்டி, வாங்குபவரிடம் குறையைச் சொல்லி விற்குமாறு பங்காளியிடம் கூறினார்கள் என்றும், அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டதால் அந்தச் சரக்கின் விற்பனைப் பணம் முழுவதையும் ஸதகாச் செய்துவிட்டார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எமது கடைகளில் குறையைச் சொல்லாத விற்பனையாளனைக் கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுக்கின்றோம். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றான். பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்தே சொல்கின்றேன். கதீஜா (ரலி) அம்மையாரின் பெயரைப் பாடசாலைக்கு வைத்துவிட்டு, அந்தப் பாடசாலையில் கெட்டித்தனமாகப் படிக்கும் மகளைப் பதினொராம் வகுப்புடன் நிறுத்துவதற்கு நாம் என்ன நியாயம் சொல்லப் போகின்றோம்? அந்த அம்மையார் சிரியா வரை சரக்கு அனுப்பிய வணிகர்.

இனி, எனது 17 ஆண்டுகளில் நான் மிக அதிகமாகக் கண்ட ஒரு நோயைப் பற்றிக் கூற வேண்டும். அது எழுதாத கணக்கு.

இரும்புக் கடையில் இருந்த காலத்தில் எனக்குச் சம்பளம் ஒருபோதும் உரிய நாளில் கிடைத்ததில்லை. மாதச் சம்பளம் எவ்வளவு என்பதும் வாய்ப்பேச்சுத்தான். மூன்று மாதங்கள் கழித்துக் கேட்டபோது, பேசிய தொகையையே முதலாளி மறந்திருந்தார். அவர் கெட்டவர் அல்லர், ஐவேளையும் தொழுபவர். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு நபியவர்கள் இட்ட கட்டளையையும் அறிந்தவர். எழுத்தில் இல்லாததால் மறந்தார். அதன் பின்னர் இமாமாக வந்த இடங்களில் எல்லாம் பள்ளிவாசல் திண்ணையில் என் முன்னால் வந்து அமர்ந்த வழக்குகளை எண்ணிப் பார்க்கின்றேன். தலாக் வழக்குகளை விடப் பங்குக் கடை வழக்குகளே அதிகம். அண்ணனும் தம்பியும், மாமாவும் மருமகனும், மச்சான்மார்களும் சேர்ந்து தொடங்கியவை. அகதி வாழ்வில் ஒரே கொட்டிலில் படுத்தவர்கள், ஒரே சட்டியில் உண்டவர்கள். ஊர் திரும்பியதும் ஒருவர் காணியைக் கொடுத்தார், மற்றவர் வெளிநாட்டில் உழைத்த பணத்தைக் கொடுத்தார், மூன்றாமவர் கடையில் நின்று உழைத்தார். எங்களுக்குள் என்ன எழுத்து என்று பெருந்தன்மையாகச் சொல்லித் தொடங்கினர். ஐந்து ஆண்டுகளில் கடை வளர்ந்தது. பணம் கொடுத்தவர் அதனைக் கடன் அல்ல, பங்கு என்கின்றார். நின்று உழைத்தவர் தான் எடுத்தது சம்பளம், இலாபம் இன்னும் வரவேண்டும் என்கின்றார். காணிக்காரர் வாடகை கேட்கின்றார். மூவரும் பொய் சொல்லவில்லை! ஆரம்பத்தில் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு கணக்கு இருந்தது, அவ்வளவுதான். இன்று ஒரு பெருநாளில் ஒருவர் வீட்டிற்கு மற்றவர் போவதில்லை. பிள்ளைகள் ஒரே மக்தபில் ஓதுகின்றனர், ஆயினும் பேசிக்கொள்வதில்லை.

அல்லாஹ்வின் வேதத்தில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதத் தெரிந்தவர் நீதியாக எழுத வேண்டும், எழுத மறுக்கவும் கூடாது, கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவர் இயலாதவராயின் அவரது பொறுப்பாளர் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது, கையோடு கை மாறும் வியாபாரத்திற்கு எழுதாமல் விட்டால் குற்றமில்லை. இவ்வளவு நுணுக்கமாக ஒரு பக்கம் நிறைய இறைவன் பேசுகின்றான். எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று கருதுபவர்கள், அன்று அவ்வசனத்தைக் கேட்ட ஸஹாபாக்களை விட ஒருவரையொருவர் அதிகமாக நம்புகின்றனரா என்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

ஆகவே கடையில் சேரும் இளைஞன் முதல் நாளே கேட்கட்டும்: சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில், விடுமுறை எப்படி, ஜும்ஆவுக்கு எத்தனை மணிக்கு விடுவீர்கள்? கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதலாளி அதனை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். வெளிநாடு செல்பவர் வீட்டிற்கு அனுப்பும் பணத்தில் எது செலவுக்கு, எது சேமிப்புக்கு, எது வாப்பாவின் கடனுக்கு என்று புறப்படும் முன்பே எழுதி ஒரு பிரதியை உம்மாவிடமும் ஒரு பிரதியை மனைவியிடமும் கொடுக்கட்டும். பங்குக் கடை நடத்துபவர்கள், இன்னும் பிணக்கு வராதிருக்கும் இந்த நேரத்திலேயே, யார் என்ன போட்டார், இலாபம் எப்படி, நட்டம் எப்படி, ஒருவர் மரணித்தால் அவரது பங்கு அனந்தரக்காரர்களுக்கு எவ்வாறு சேரும் என்பதை எழுதிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மஃரிப் தொழுகைக்குப் பின் நான் பள்ளிவாசல் மக்தபு அறையில் இருப்பேன். இத்தகைய பத்திரங்களை எழுதிக்கொடுக்க எந்தக் கட்டணமும் இல்லை. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து வாருங்கள், தனியாக ஒருவர் மட்டும் வர வேண்டாம். நம்பிக்கையான இரண்டு சாட்சிகளையும், கடன் கொப்பி இருந்தால் அதனையும் கையோடு கொண்டு வாருங்கள். காணி சம்பந்தப்பட்டதாயின் உறுதியின் பிரதியும் வேண்டும், அதற்கு நொத்தாரிசிடம் செல்ல வேண்டியிருக்கும், அவரிடம் நானே அழைத்துச் செல்வேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.